ஜியாலஜிக்கு ஒரு தாம்பூலத் தட்டு

சோழவந்தானில் என் மச்சான் வீட்டு முன்னறை. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் நான் உட்கார்ந்திருந்தேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன் தவமணி. என் மடியில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமம், நான்கு முழம் மல்லிகை. மின்விசிறி சுற்றச் சுற்ற மல்லிகை வாசம் என் முகத்திலேயே வந்து அடித்தது.

அடுக்களையில் ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது. பிறகு நெய் வாசம். பிறகு முந்திரி. நான் வந்து உட்கார்ந்து மூச்சுக்கூட வாங்கவில்லை, அதற்குள் கேசரியா என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல மனிதர்கள்.

மச்சானின் மனைவி செல்வி காப்பி கொண்டுவந்து நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து என்னை "அண்ணே" என்று கூப்பிடுபவர். அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இத்தன வருசமா அண்ணே அண்ணேன்னு கூப்ட்டுப் பழகிருச்சு. இனிமே சம்பந்தின்னு கூப்பிட நாக்கு வருமான்னு தெரியலயே."

டம்ளரை வாயிலிருந்து எடுத்தேன்.

என் மகள் கௌசல்யாவை அவர்கள் மகன் பிரபுவுக்குக் கொடுப்பதாகப் பேசி முடிக்க நான் தட்டோடு வந்திருக்கிறேன் என்று அந்த வீடே நினைத்துக்கொண்டிருந்தது. நான் வந்தது அதற்கு இல்லை. கௌசல்யா சேலத்துக்குப் போய் ஜியாலஜி படிக்க வேண்டும். அதற்குத் தாய்மாமனின் சம்மதம் வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தேன். கல்லூரிக் கலந்தாய்வுக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

இதை அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "காப்பிக்குச் சீனி சரியா இருக்கும்மா."

கருகிய வாசம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் கடையைத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லாபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றில் ஓடி ஓடிக் கருகிப்போன மோட்டார்கள் வரும். கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன்.

பேச்சு வராத ஆளுக்குப் பொருத்தமான தொழில். வாடிக்கையாளர்தான் பேசுவார். மோட்டாரைத் திட்டுவார், கரண்டைத் திட்டுவார், பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுவார். நான் தலையாட்டிக்கொண்டே கம்பி சுற்றுவேன். "நாளக்கழிச்சு வாங்க" என்ற இரண்டு சொல்லோடு என் பங்கு முடிந்துவிடும்.

கௌசல்யா பள்ளிக்கூடம் விட்டால் கடைக்கு வந்துவிடுவாள். வீட்டை விடக் கடையில் காற்று வரும். மோட்டாரோடு சேர்ந்த பம்பைப் பிரிக்கும்போது உள்ளேயிருந்து மண்ணும் பொடிக்கல்லும் கொட்டும். நான் அதைக் கூட்டிச் சாக்கடையில் தள்ளுவேன். அவள் தள்ளவிட மாட்டாள். தண்ணீரில் அலசி, காயவைத்து, இருமல் மருந்து பாட்டிலில் போட்டு, எந்த ஊர் மோட்டார் என்று எழுதி ஒட்டிவைப்பாள்.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் இரண்டு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒன்று எங்கள் தெரு மோட்டாரில் வந்தது. சாம்பல் நிறம். இன்னொன்று திருவாதவூரில் ஒரு வயல்காட்டு மோட்டாரில் வந்தது. லேசான சிவப்பு, நடுநடுவே காக்காப்பொன் மினுக்கியது.

"அப்பா, இங்கருந்து அங்க பஸ்ல போனா எம்புட்டு நேரம்?"

"ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒரு மணி நேரத்துக்குள்ள பூமி இம்புட்டு மாறுதே, ஏம்ப்பா?"

அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது.

பாறையைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்த எண்ணம் வேறு. என் அப்பாவுக்குத் திருவாதவூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அதில் கிணறு வெட்டினார்கள். ஒரு மத்தியானம் கிணற்றுக்குள் இருந்து ஒருவர் அண்ணாந்து பார்த்து, "பாற வந்துருச்சுப்பா" என்றார். அவ்வளவுதான். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த வருடமே நாங்கள் மதுரைக்கு வந்துவிட்டோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, காயில் கட்டும் கடையில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு காரியம் நடக்காமல் போனால், "பாற வந்துருச்சு" என்பார்கள். அது ஒரு முடிவைச் சொல்லும் வார்த்தை. என் மகள் அந்தப் பாறையைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டாள்.

ஷட்டரில் எழுதிய மூன்று வருடம்

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் பாடம் சொன்னார்கள். பி.காம் என்றார் ஒருவர். நர்சிங் என்றார் இன்னொருவர். கௌசல்யா ஜியாலஜி என்றாள். அவளே செல்போனில் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். பூமி எதனால் ஆனது, எப்படி மடிந்தது, தண்ணீர் எங்கே தங்குகிறது, எல்லாம் அந்தப் பாடத்தில் வருமாம்.

என் மனைவி முத்துலட்சுமி அம்மியில் தேங்காய்த் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மிக்சி ரிப்பேர். ஊர் மோட்டாரை எல்லாம் சரிபண்ணும் வீட்டில் மிக்சி ரிப்பேர் என்று என்னைக் குத்திக்கொண்டே அரைத்தாள்.

"கல்லப் படிச்சு என்னடி செய்யப் போற? அம்மி கொத்தப் போறியா?"

"நீ அரைக்கிறியே, இது என்ன கல்லுன்னு ஒனக்குத் தெரியுமாம்மா?"

"அரைச்சா அரைபடுது. எனக்கு அது போதும்."

நாங்கள் பார்த்த வரையில் மதுரையில் அவளுக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரி எதிலும் அந்தப் பாடம் இல்லை. சேலத்தில் ஒரு கல்லூரியில் இருந்தது. விடுதியும் இருந்தது. அங்கே விண்ணப்பம் போட்டாள்.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று வருடத்துக்கும் திட்டம் போட்டோம். கடையில் எந்த மோட்டார் யாருடையது என்று நான் சாக்கட்டியில்தான் எழுதிவைப்பேன். அவளும் சாக்கட்டியை எடுத்தாள். கடை ஷட்டரின் உள்பக்கத்தில் எழுதினாள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் மூன்று வருடமும் சுருண்டு மேலே போய்விடும். மத்தியானம் சாப்பிடும்போது ஷட்டரை இறக்குவேன். திட்டம் சரசரவென்று இறங்கி வந்து என் சாப்பாட்டுக்கு எதிரே நிற்கும்.

முதல் வருடம் கனிமங்கள், படிகங்கள். துணைப்பாடம் வேதியியல். இரண்டாம் வருடம் பாறைகள், அதற்குள் அகப்பட்டுக் கல்லாகிப்போன பழைய உயிர்கள். துணைப்பாடம் இயற்பியல். மூன்றாம் வருடம் பூமியின் அடுக்குகள், சுரங்கம், நிலத்தடி நீர். எல்லா வருடமும் களப்பணி. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுத்தியல் படம்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"வேற என்னப்பா?"

எனக்கு மோட்டார் பாஷைதான் தெரியும். மோட்டார் வாங்குபவர் எதைக் கேட்பாரோ அதைக் கேட்டேன். எதில் ஓடும், எங்கே மாட்டும், லோடு கூடினால் தாங்குமா, கருகினால் என்ன செய்வது.

அவள் சிரிக்கவில்லை. யோசித்து யோசித்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதினாள். "எங்கே மாட்டும்" என்பதற்கு, மேல்படிப்பு, இல்லையென்றால் நிலத்தடி நீர் வேலைக்கான அரசுத் தேர்வு, இல்லையென்றால் சுரங்கக் கம்பெனி. "லோடு" என்பதற்கு, இயற்பியல் கணக்கு கொஞ்சம் இழுக்கும், இப்போதிருந்தே பழக வேண்டும். "கருகினால்" என்பதற்கு மட்டும் சாக்கட்டியை உதட்டில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"கருகுனா என்னப்பா செய்வீங்க?"

"பிரிச்சு, திரும்பச் சுத்துவேன்."

அதையே எழுதிவிட்டாள். பிரித்து, திரும்பச் சுற்றணும்.

நாள்தோறும் சோற்றுக்கு எதிரே பார்த்ததில் எனக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. ஷட்டர் மடிப்பில் எந்த எழுத்து உடைந்திருக்கிறது என்பது வரைக்கும்.

முத்துலட்சுமிக்குப் படிப்பின் மேல் கோபம் இல்லை. சுத்தியல் படத்தின் மேல்தான் பயம். "ஹாஸ்டல் ஒண்ணு. மலையில கூட்டிட்டுப் போயி டேரா போடுறது ஒண்ணு. வயசுப் புள்ளய நான் எத நம்பி அனுப்புவேன்?" என்று அழுதாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். கடைசியில் இறங்கி வந்து ஒரு வழி சொன்னாள்.

"எங்கண்ணன் சரின்னு சொல்லட்டும். நான் மறு பேச்சு பேசல. அண்ணன் வேணாம்னா இங்கிட்டே பி.காம் சேந்துரணும்."

கௌசல்யா என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க போய்க் கேப்பீங்களா?"

கேட்பேன் என்று தலையாட்டினேன்.

தேங்காய் நிற்கும் இடம்

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் சாதாரணமில்லை. காது குத்துவதற்கு மாமன் மடி வேண்டும். பெண் பெரியவளானால் மாமன் சீர் வர வேண்டும். கல்யாணத்துக்கு மாமன் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தட்டு வைத்துப் போய்க் கேட்க வேண்டும்.

ஆனால் வெளியூரில் படிக்க அனுப்ப எப்படிக் கேட்பது என்று ஒரு முறை இல்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. அதனால்தான் பின்னால் வந்த வம்பெல்லாம்.

தவமணி மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெற்றிலைக்குப் பேர்போன சோழவந்தானில் அவருக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. அதை விடப் பெரிய பேர், நீரோட்டம் பார்ப்பதில். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு வயலில் நடப்பார். தண்ணீர் இருக்கும் இடம் வந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அந்த இடத்தில் காலால் கோடு கிழிப்பார். அங்கே போர் போடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் கார் வைத்து வந்து அவரைக் கூட்டிப்போவார்கள்.

நிறைய இடத்தில் தண்ணீர் வந்திருக்கிறது. வராத இடமும் உண்டு. தண்ணீர் இல்லாமல் வெறும் ஓட்டம் ஓடினால் மோட்டார் கருகும். கருகினால் என்னைப் போன்ற ஆளிடம் வரும். "ஒங்க மச்சான் காட்டுன எடந்தேன்" என்று மோட்டாரைத் தரையில் போடுபவர்களிடம், "நாளக்கழிச்சு வாங்க" என்பேன். மச்சானிடம் இதை நான் சொன்னதே கிடையாது.

முத்துலட்சுமி அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, ஞாயித்துக்கிழம அவுக வாராக. கௌசி விசயமா. நேர்ல பேசுவாக" என்று சொல்லி வைத்துவிட்டாள். படிப்பு என்ற வார்த்தையைச் சொன்னால் போனிலேயே முடிந்துவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். "நீ வரலையா?" என்றேன். "நான் தங்கச்சி. நான் வந்தா அழுகத்தேன் செய்வேன். ஆம்பள நீங்க போயிக் கேட்டாத்தான் அது கேட்டதா இருக்கும்."

வெறுங்கையோடு போகலாமா என்று கேட்டேன். தட்டு வையுங்கள் என்றாள்.

தெற்குவாசல் பக்கம் ஒரு பூஜைச் சாமான் கடை. கடைக்காரர் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டார். "நல்ல காரியமாண்ணே?"

தலையாட்டினேன்.

"பொண்ணு விசயமா?"

அதுவும் உண்மைதான். தலையாட்டினேன்.

அவர் பாட்டுக்கு மஞ்சளை வைத்தார், குங்குமம் வைத்தார், பக்கத்துப் பூக்காரம்மாவிடம் நான்கு முழம் வாங்கிச் சுற்றி வைத்தார். இல்லை, இது ஜியாலஜிக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். மூடிக்கொண்டேன்.

கேசரி ஆறுவதற்குள்

இனி சோழவந்தானுக்கு வருவோம்.

நான் சீனி சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் காரியம் கைமீறிப் போய்க்கொண்டிருந்தது. தெருக்கோடியிலிருந்து மச்சானின் சித்தப்பா முறைப் பெரியவர் ஒருவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பிரபு குளித்த ஈரத் தலையோடு புதுச் சட்டையில் வந்து சுவரோரம் நின்றான். எனக்குத் தெரிந்து அவன் ஞாயிற்றுக்கிழமை குளித்ததில்லை.

அவன் என் காதோரம் குனிந்தான். "மாமா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல?"

தவமணி மச்சான் வெள்ளை வேட்டியில் வந்து எதிரே உட்கார்ந்தார். முகம் நிறைந்திருந்தது. "சொல்லுங்க மாப்ள. மொறப்படி நீங்க வாயத் தொறந்து கேட்டாத்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேசரி கிண்டுகிற சத்தம்கூட நின்றது.

தட்டைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடலாம். பிறகு போனில் முத்துலட்சுமி பேசிக்கொள்வாள். என் ஆயுசு முழுக்க நான் அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்காமல் எழுந்தால் என் மகளுக்குச் சேலம் இல்லை. கல்யாணமே நிச்சயமாகிவிடும்.

"மச்சான், தட்டு இதுதான். விசயம் வேற" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

"கௌசி மேல்படிப்புக்குச் சேலம் போகணுங்கிறா. மாமன் சம்மதம் கேக்க வந்தேன். கல்யாணம் பேச வரல."

செல்வி கரண்டியோடு வெளியே வந்தார். "அப்ப எதுக்குண்ணே மல்லியப்பூ?"

"கடக்காரரு வச்சுட்டாரும்மா. வேணாம்னு சொல்ல வாய் வரல."

பெரியவர் தொடையைத் தட்டினார். "ஏப்பா, ஒரு பூவ வேணாம்னு சொல்ல வாய் வராதவன, சம்மதம் கேக்க அனுப்பிருக்காகளே. அந்தப் புள்ள படிச்சாப்லதான்."

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிரபு நெஞ்சில் கைவைத்து மூச்சை விட்டான். "அப்பாடி. நானும் அதுவும் டிவி ரிமோட்டுக்கு அடிச்சுக்கிட்டவக. கட்டி வச்சிருந்தீங்க, வீட்ல ஒரு சாமான் மிஞ்சாது."

"நீ சும்மா இருடா," என்றார் செல்வி. அவர் கண் கலங்கியிருந்தது. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

மச்சான் சிரிக்கவில்லை. "சேலத்துல போயி என்னா படிப்பு?"

"ஜியாலஜி மச்சான்."

"அப்பிடின்னா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். மனிதர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வராது. கண்ணுக்குள் ஷட்டரை இறக்கிக்கொண்டேன். முதல் வருடம் கனிமம், படிகம் என்றேன். துணைக்கு வேதியியல் என்றேன். இரண்டாம் வருடம் பாறை என்றேன். எங்கே மாட்டும், லோடு எவ்வளவு, கருகினால் என்ன என்பது வரைக்கும் சொன்னேன். களப்பணிக்கு மலைக்குக் கூட்டிப்போவார்கள், கூடப் பெண் ஆசிரியர்கள் வருவார்கள் என்றும் சொன்னேன். ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் நான் பேசியது அதற்கு முன்னால் இல்லை. மூன்றாம் வருடத்துக்கு வந்தபோது மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு மாப்ள. நெலத்தடித் தண்ணியா?"

"ஆமா மச்சான்."

"தண்ணி எங்க இருக்குன்னு பாக்குறதா?"

"ஆமா."

"அதுக்கு ஒரு பொட்டப்புள்ள சேலம் போயி மூணு வருசம் ஒக்காரணுமா? இங்கன மாமன் கையில தேங்கா இருக்கைல?" அவர் குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்ப என் தேங்கா பொய்யிங்கிறியா?"

இந்தக் கேள்வி ஷட்டரில் இல்லை. பொய் என்றால் வீட்டுக்கு வந்து அவமானப்படுத்தியதாகும். நிஜம் என்றால் கௌசல்யா ஏன் போக வேண்டும்?

தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"நீங்க காட்டுன எடத்துல நெறய மோட்டார் ஓடுது மச்சான். சிலது கருகி எங்கடைக்கு வருது. எது எதுனாலன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. அதத்தேன் அவ தெரிஞ்சுக்கிறேங்கிறா."

பெரியவர் தரையைப் பார்த்தார். பேச்சு முடிந்தது, பி.காம்தான் என்று நான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நெசமாவே நான் காட்டுன எடத்து மோட்டாரு கருகி வந்திருக்கா?" என்றார் மச்சான்.

"வந்திருக்கு."

"ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது மச்சான்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பின்னால் கொடிக்கால் பச்சையாகத் தெரிந்தது. அகத்திக் கொம்பில் வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"எங்கொடிக்காலுக்கு ரெண்டாவதா ஒரு போர் போட்டேன், ஞாபகம் இருக்கா? தேங்கா அப்பிடியே நட்டமா நின்னுச்சு. செல்வி, நீதான பாத்த."

"நட்டமாத்தேன் நின்னுச்சு," என்றார் செல்வி. "ஆனா புழுதிதான வந்துச்சு."

"அன்னிக்குப் பூரா ஏன்னு யோசிச்சேன் மாப்ள. சோறு எறங்கல. யாருகிட்டயாச்சும் கேக்கணும். ஆனா யாருகிட்டப் போயி நான் கேப்பேன்? எல்லாரும் எங்கிட்டல கேக்குறாக."

 

திரும்பி வந்து என் எதிரே நின்றார். குனிந்து, தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். எங்கள் வழக்கத்தில் தட்டிலிருந்து வெற்றிலையைக் கையில் எடுத்துவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். எனக்குக் கண் மறைத்தது. அவர் வெற்றிலையைத் துடைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க வாங்குனது?"

"தெக்குவாசல்ல மச்சான்."

"சோழவந்தானுக்கு மதுரையில இருந்து வெத்தல வாங்கிட்டு வந்த மொத ஆளு நீதேன்யா." காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு வாயில் போட்டார். "நாரா இருக்கு. படிக்கட்டும். ஹாஸ்டல்ல கொண்டுபோயி விடுற அன்னிக்கு நானும் வாரேன். மாமன் தூக்காம பெட்டி வாசலத் தாண்டக் கூடாது."

"அப்ப கேசரி?" என்றான் பிரபு.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தலையில் கரண்டிக் காம்பால் தட்டினார். "படிப்புக்குத் தின்னா தொண்டைக்குள்ள எறங்காதா? போயித் தட்டு எடுத்துட்டு வாடா." என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஒக்காருங்கண்ணே," என்றார்.

மறுபடியும் அண்ணன் ஆகியிருந்தேன். கேசரி கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. நான் பேசிய நேரத்தில் கிண்டாமல் விட்டதால் வந்த வினை. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சேலம்

கலந்தாய்வுக்கு மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் முத்துலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் வந்த மலையை எல்லாம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணன் சொன்ன பிறகு அவள் மறு பேச்சு பேசவில்லை. ஆனால் பயம் சொல்பேச்சுக் கேட்காதே.

கல்லூரியில் ஒரு நீள அறை. பாடத்துக்கு ஒரு மேசை. பி.காம் மேசையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஜியாலஜி மேசையில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு பையன். மேசையில் ஒரு பேராசிரியை அம்மா இருந்தார். வெயிலில் அலைந்து கறுத்த கை. கௌசல்யாவின் மதிப்பெண்ணைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இந்த மார்க்குக்கு வேற பாடமும் கிடைக்கும். தெரிஞ்சுதான் வந்தியாம்மா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

"ஃபீல்டு ட்ரிப் கட்டாயம். வெயில்ல நடக்கணும், மலை ஏறணும், வெளியூர்ல தங்கணும். இங்க சேர்ந்துட்டு, வீட்ல அனுப்ப மாட்டேங்கிறாங்கன்னு பாதியில வந்து நிக்கிற பொண்ணுங்களப் பாத்துருக்கேன். எனக்கு அது ரொம்பக் கஷ்டமா இருக்கும். அதனால முதல்லயே கேட்டுடறேன். வீட்ல முழுச் சம்மதமா?"

கௌசல்யா வாயைத் திறந்தாள். முத்துலட்சுமி சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். எந்த நிமிடமும் அழுதுவிடுவாள் போல இருந்தது.

"சம்மதம்" என்றேன்.

பி.காம் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அந்த அறையின் மறு கோடி வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியாது. கௌசல்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பேராசிரியை பேனாவை எடுத்தார். "நீங்க யாரு சார்?"

"அப்பா" என்றேன். அதையும் சத்தமாகத்தான் சொன்னேன்.